வில்வம் என்று வைத்திருந்த மரம்

எங்கள் வீட்டு வில்வமரம் பூத்தபோதுதான் அது வில்வம்தானா என்ற சந்தேகமே வந்தது. அதுவரை யாருக்கும் அப்படிக் கேட்கத் தோன்றவில்லை.

மந்தைவெளியில் ஒரு பழைய தனி வீட்டின் கீழ்ப் பகுதியில் நானும் என் கணவரும் வாடகைக்கு இருக்கிறோம். மேல் பகுதி பூட்டியே கிடக்கிறது. மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து அவள் கிளம்பிப் போன பிறகு, நங்கநல்லூரில் இருந்த அடுக்குமாடி வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தோம். எனக்கு அடையாறில் ஒரு கண் மருத்துவமனையில் வேலை. டாக்டர் பார்ப்பதற்கு முன்னால், வருகிறவர்களை உட்கார வைத்துப் பார்வை அளப்பேன்; கண்ணில் சொட்டு மருந்து விடுவேன்; கண்ணாடிக்கு பவர் எழுதிக் கொடுப்பேன். மந்தைவெளியிலிருந்து ஒரே பஸ்ஸில் போய் இறங்கிவிடலாம் என்பது இந்த வீட்டை எடுக்க ஒரு காரணம். இன்னொரு காரணம் பின்பக்கம் கிடந்த மண். மாடி வீட்டில் தொட்டிகளில் துளசி வளர்த்தே அலுத்துப் போயிருந்த என் கணவர், ஓய்வு பெற்ற பிறகு மண்ணில் கால் வைத்து நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சாவி கொடுக்க வந்த வீட்டுக்காரர் தோட்டத்தை ஒரு சுற்று காட்டினார். முருங்கை, கறிவேப்பிலை, இரண்டு செம்பருத்தி, காய்க்காத ஒரு மாதுளை. மதில் மூலையில் நின்ற மரத்திடம் வந்ததும் அவர் செருப்பைக் கழற்றினார். பார்த்துவிட்டு நாங்களும் கழற்றினோம்.

"இது வில்வம். என் வீட்டுக்காரி வெச்சது. வேற எதை வேணா வெட்டுங்க, இதை மட்டும் வேண்டாம்" என்றார்.

அவர் மனைவி காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அவர் மகனோடு கோயமுத்தூரில் இருக்கிறார். மரத்தின் இலைகள் மூன்று மூன்றாக இருந்தன. வில்வம் என்றால் மூன்று இலை என்பதுதான் எனக்குத் தெரிந்த தாவரவியல். நான் மேற்கொண்டு எதையும் பார்க்கவில்லை.

நாங்கள் குடி வந்து சில வாரங்கள் கழித்து எதிர் வீட்டு அக்கா வந்து கேட்டைத் தட்டினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அவர் கணவருக்குத் தி. நகரில் பாத்திரக் கடை. அந்த மனிதருக்கு அப்போதுதான் நெஞ்சில் ஆபரேஷன் நடந்து முடிந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அக்கா வேண்டிக்கொண்டாராம்: ஆள் பிழைத்து வீடு வந்தால், தன் கையால் பறித்த வில்வத்தைத் திங்கள்தோறும் சிவனுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதாக. ஆள் வீடு வந்துவிட்டார். பட்டணத்தில் பறிப்பதற்கு வில்வத்துக்கு எங்கே போவது என்று முழித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டு மூலையில் ஒன்று நிற்பதாக இஸ்திரி போடுகிறவர் சொல்லியிருக்கிறார்.

"பறிச்சுக்கோங்கக்கா, கேக்கவே வேண்டாம்" என்றேன்.

அன்றிலிருந்து திங்கட்கிழமை காலையில் அக்கா வருவது வழக்கமானது. குளித்த ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் அவர்கள் கடை எவர்சில்வர் தூக்கோடு வருவார். மரத்தடியில் நின்று இரண்டு நிமிஷம் கண்ணை மூடுவார். பிறகு எட்டும் கிளையிலிருந்து ஓர் இலை, அந்தப் பக்கம் போய் ஓர் இலை என்று மரத்துக்கு வலிக்காத மாதிரி பறிப்பார். நான் அந்த நேரத்தில் சமையலறை ஜன்னலருகே சாப்பாட்டு டப்பா கட்டிக்கொண்டிருப்பேன். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். அவர் போகும்போது ஜன்னலைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். எனக்குச் சாமி நம்பிக்கை ஏனோதானோதான். ஆனாலும் எங்கள் வீட்டு மரத்திலிருந்து ஒரு மனிதருடைய ஆயுளுக்காக இலை போகிறது என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. மருத்துவமனையில் கூடவே வேலை செய்கிறவர்களிடம் "எங்க வீட்டு வில்வம்" என்று இரண்டொரு தடவை சொல்லியிருக்கிறேன்.

அந்த மரம் பூத்து நாங்கள் பார்த்ததில்லை. அதற்குக் காரணம் இருந்தது. மதிலுக்கு அந்தப்புறம் சந்து. சந்தில் மின் கம்பி. பொங்கல் கழிந்ததும் கிளை வெட்டுகிற ஆள் வந்து, "வயர் மேல பட்டுக்கினு கீதும்மா, காத்தடிச்சா தெருவே இருட்டாயிடும்" என்று சொல்லி, மரத்தின் உச்சியையும் சந்துப் பக்கத்துக் கிளைகளையும் வழித்துவிட்டுப் போவார். வெட்டுப்பட்ட மரம் கோடை முழுக்க இலை விடுவதிலேயே முனைப்பாக இருக்கும். போன மழைக்காலத்துக்கு முன் எங்கள் பகுதியில் கம்பிகளை எடுத்துவிட்டுத் தரைக்கடியில் கேபிள் பதித்தார்கள். வெட்டுகிற ஆளைக் கூப்பிடத் தேவையில்லாமல் போனது. மரம் மாசியில், அக்காவுக்கு எட்டும் ஒன்றிரண்டு கீழ்க் கிளைகளைத் தவிர, இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்றது. பங்குனி பிறந்த கையோடு, கிளை நுனிகளில் புது இலையும் பூவும் சேர்ந்தே வெளியே வந்தன.

காலையில் தண்ணீர் விடப் போன என் கணவர் குழாயை மூடாமலே என்னைக் கூப்பிட்டார்.

உச்சிக் கிளைகள் முழுக்க வெள்ளையாக இருந்தது. அவர் ஸ்டூல் போட்டு ஒரு கொத்தைத் தாழ்த்திக் காட்டினார். ஒவ்வொரு பூவும் என் உள்ளங்கையில் பாதி இருந்தது. நான்கு இதழ்கள், ஒவ்வோர் இதழும் அடியில் காம்பு மாதிரி ஒடுங்கி மேலே கரண்டி போல அகன்றிருந்தது. நடுவிலிருந்து பூனை மீசை போல நீளநீளமாக இழைகள், கத்தரிப்பூ நிறத்தில். கீழ்க் கொத்துகளில் முந்தின நாளே விரிந்தவை வெண்ணெய் நிறத்துக்கு மாறியிருந்தன. அதற்கும் முன்னால் விரிந்தவை நல்ல மஞ்சள். ஒரே கொத்தில் மூன்று நிறமும் நின்றன. வாசனை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தேனீக்கள் வந்திருந்தன. பக்கத்தில் போனால் மரமே முனகுவது மாதிரி ஒரு சத்தம்.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று எனக்குப் பஸ் போய்விட்டது.

"வில்வம் இப்படியா பூக்கும்?" என்று என் கணவர் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

அவர் போனில் செடியைப் படம் எடுத்தால் பெயர் சொல்லும் ஒரு ஆப் இருந்தது. இலையை மட்டும் எடுத்தால் அது வில்வம் என்றது. பூவை மட்டும் எடுத்தால் ஏதோ தொட்டிச் செடியின் பெயரைச் சொன்னது. இலையும் பூவும் சேர்ந்து தெரிகிற மாதிரி எடுத்தால், இன்னும் தெளிவாக எடுக்கச் சொன்னது. அவர் விடவில்லை. தெருக்காரர்களின் போன் குழுவில் படத்தைப் போட்டார். ஒருவர் நாகலிங்கம் என்றார். ஒருவர் மரமல்லி என்றார். இன்னொருவர் சர்க்கரைக்கு நல்லது என்று மட்டும் எழுதினார், பெயரைச் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் பேச்சு குப்பை வண்டி வராத விஷயத்துக்குப் போய்விட்டது.

இதெல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது, திங்கட்கிழமை வரை.

அக்கா வழக்கம் போல வந்தார். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மரத்தடிக்குப் போனவர் கண்ணை மூடவில்லை. அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். கீழே விழுந்து கிடந்த பூக்களில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே போனேன்.

"இது என்னம்மா பூவு?"

"தெரியலக்கா. இப்பத்தான் முதல் தடவை பூத்திருக்கு."

"எங்க ஊர்க் கோயில்ல வில்வம் நிக்கு. சின்னப் பிள்ளையில எலை பறிச்சிருக்கேன். அண்ணாந்து பூவைப் பாத்த ஞாபகம் இல்லை." பூவை உள்ளங்கையில் வைத்தார். "ஆனா இத்தாம்பெரிய பூ பூத்திருந்தா கண்ணுல படாமலா போயிருக்கும்?"

வில்வத்திலேயே பல ரகம் இருக்கலாம் என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு பலவீனமாக இருக்கிறது என்று தெரிந்தது. கண் பார்வை அளக்கும்போது சிலர் எழுத்து தெரியாமலே குத்துமதிப்பாகப் படிப்பார்கள். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். அதே குரலில் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

"விசாரிச்சுச் சொல்லுதியா?" என்றார்.

"சொல்றேன்க்கா."

"அது வரைக்கும் நான் பறிக்கலை."

தூக்கை மூடி எடுத்துக்கொண்டு போனார். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மரம் என்னுடையதில்லை. பெயர் நான் வைத்ததில்லை. இருந்தாலும், நல்ல முகவரி என்று நினைத்து ஒருவரைத் தப்பான வீட்டுக்கு அனுப்பிவிட்ட மாதிரி ஒரு கூச்சம். அன்று மதியம் என் கணவர் கோயமுத்தூருக்குப் போன் செய்து வீட்டுக்காரரிடம் கேட்டார். மரத்தை யார் கொடுத்தார்கள், எங்கே வாங்கியது என்று அவருக்குத் தெரியவில்லை. மனைவி எங்கிருந்தோ ஒரு பையில் கன்றைக் கொண்டுவந்து வைத்தார், அவ்வளவுதான். "அவ வில்வம்னுதான் சொன்னா. எனக்கு அது வில்வம்தான்" என்று சொல்லிவிட்டு, முருங்கை காய்க்கிறதா என்று விசாரித்திருக்கிறார்.

அடுத்த திங்கட்கிழமை அக்கா வரவில்லை. கோயில் தெருவில் பூக்காரரிடம் இலை வாங்கிக்கொண்டு போவதைப் பால் வாங்கப் போன என் கணவர் பார்த்தார். தெருவில் எதிர்ப்பட்டால் அக்கா சிரிப்பார், "தெரிஞ்சுதா?" என்பார். இல்லை என்று நான் தலையசைத்தால், சரி என்று போய்விடுவார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் கைப்பையில் ஒரு சின்னக் கிளையைப் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நடைபாதையில் செடி விற்கிறவரிடம் காட்டினேன். அடையாறில் இறங்கி நடக்கும் வழியில் பெரிய மரங்கள் உள்ள ஒரு வளாகத்தின் காவலாளியிடம் காட்டினேன். இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தெரியாது என்று நேராகச் சொன்னதற்காக இரண்டு பேரையும் எனக்குப் பிடித்துப் போனது. ஒருநாள் வாடினதை எறிந்துவிட்டுப் புதிதாக ஒடித்து, ஈரத் துணியில் சுற்றிப் போட்டுக்கொண்டேன். அன்றுதான் அந்த அம்மா வந்தார்.

எழுபது வயது இருக்கும். பெசன்ட் நகரிலிருந்து தனியாக ஆட்டோவில் வந்திருந்தார். கண்புரைக்குச் சோதனை. விவரம் கேட்டபோது, ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் என்றார். எனக்கு உடனே பைக்குள் கை போயிருக்க வேண்டும். ஆனால் வேலை நேரத்தில் சொந்த விஷயம் கேட்கத் தயக்கம். பார்வை அளந்தேன். இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டேன். கண்மணி விரிய நேரமாகும், கண்ணை மூடி உட்காருங்கள் என்று ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். அதற்குப் பிறகுதான், இனி இவருக்குப் பக்கத்தில் எதுவும் சரியாகத் தெரியாது என்பது உறைத்தது. போதாததற்கு, பவர் பார்க்க அவர் கண்ணாடியையும் வாங்கி வைத்திருந்தேன்.

எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. மெதுவாகப் போய் விஷயத்தைச் சொன்னேன். வீட்டில் ஒரு மரம், பெயர் தெரியவில்லை, கிளை கொண்டுவந்திருக்கிறேன், கண் தெளிந்ததும் பார்க்க முடியுமா என்று கேட்டேன்.

"கண்ணு எதுக்கு? கொடு" என்று கையை நீட்டினார்.

கண்ணை மூடிக்கொண்டே கிளையை வாங்கினார். முதலில் தண்டை விரலால் மேலிருந்து கீழ் வரை தடவினார். "முள் இல்ல" என்றார். பிறகு ஓர் இலையைப் பிடித்து, மூன்று சிற்றிலைகளும் சேரும் இடத்தில் கட்டைவிரலை வைத்து அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார்.

"வில்வம்னு யாராவது சொன்னாங்களா?"

ஆமாம் என்றேன். நான் அதுவரை வில்வம் என்ற பெயரையே எடுக்கவில்லை.

"எல்லாரும் சொல்வாங்க. வில்வத்துல நடு இலைக்கு மட்டும் தனியா நீளமா காம்பு இருக்கும். மத்த ரெண்டும் கீழயே ஒட்டிக்கிட்டு நிக்கும். இதுல பாரு, மூணும் ஒரே புள்ளியில வந்து சேருது." இலையைக் கசக்கி முகர்ந்தார். முகத்தைச் சுளித்துவிட்டு என் பக்கம் நீட்டினார். பச்சையாக, காட்டமாக, பூண்டை நினைவுபடுத்துகிற ஒரு வாடை. "வில்வம் எலுமிச்சைக் குடும்பம். கசக்கினா நல்ல வாசனை வரணும். பூ இருக்கா?"

ஒரு பூவை உள்ளங்கையில் வைத்தேன். பூவைத் தொடும்போது அவர் விரல்கள் வேறு மாதிரி ஆகிவிட்டன, அவ்வளவு மெதுவாக. இதழ்களை எண்ணினார். மீசை இழைகளை ஒதுக்கி, நடுவில் தனியாக நீண்டிருந்த ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் நுனியில் இருந்த சின்ன முடிச்சை விரல் நுனியால் உருட்டிப் பார்த்தார். வெள்ளையாகப் பூத்து மஞ்சளாகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"மாவிலங்கம்" என்றார். "நல்வேளைக் கீரை தெரியுமா, காலி மனையில எல்லாம் முளைக்குமே? அதுக்குச் சொந்தக்காரன். ஆத்தங்கரை, குளத்தங்கரை மரம். பட்டையைக் கல்லடைப்புக்குன்னு சித்த வைத்தியத்துல சொல்வாங்க." பூவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தொட்டுப் பாத்துச் சொல்றேன். ஒரு படமும் அனுப்பு, நாளைக்குக் கண்ணு தெளிஞ்சதும் பாத்துட்டு உறுதியாச் சொல்றேன்" என்றார்.

மாவிலங்கம். அந்தச் சொல்லை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன், ஆனால் அது ஒரு மரத்தின் பெயர் என்று தெரியாது. பஸ்ஸில் வரும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மறுநாள் காலை அவரிடமிருந்து செய்தி வந்தது: "மாவிலங்கமேதான். ஒருநாள் வந்து பார்க்க வேண்டும்."

அன்று மாலை வேலை முடிந்து வரும் வழியில் கோயில் தெருவில் இறங்கி, பூக்காரரிடம் ஒரு கைப்பிடி வில்வம் வாங்கினேன். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அதையும் எங்கள் மரத்து இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இத்தனை காலம் எப்படி ஒன்றென்று நினைத்தோம் என்று ஆச்சரியமாக இருந்தது. என் கணவர் இரண்டையும் கசக்கி மாற்றி மாற்றி முகர்ந்தார்.

"சொல்லித்தான் ஆகணுமா?" என்றார். "அந்தம்மாவே மறந்து போயிடலாம். கடையில வாங்கிட்டுத்தானே போறாங்க?"

தினம் என்னைப் பார்த்துக் கேட்கிறார், அவர் மறக்கவில்லை என்றேன். என் கணவருக்கும் அது தெரியும். இரண்டு பேருமே போனோம்.

அக்கா வீட்டில் அவர் கணவரும் இருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு கடையைப் பையனிடம் விட்டுவிட்டுச் சாயங்காலமே வந்துவிடுகிறார். நான் இரண்டு இலைகளையும் ஒரு தட்டில் வைத்து, அந்த அம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். அக்கா தட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். பாத்திரக் கடைக்காரர்தான் முதலில் பேசினார்.

"அப்பம் நான் பொழச்சது எந்த எலையாலன்னு இப்பம் கேள்வியாக்கும்?" என்று சிரித்தார்.

"சும்மா இருங்க" என்றார் அக்கா. அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அக்காவுக்குக் கண் கலங்கியிருந்தது. "நான் நேர்ந்தது வில்வம். இத்தனை திங்களும் நான் என்னத்தைக் கொண்டுபோய் வச்சேன்?"

உங்கள் மனசு தெரியாதா சாமிக்கு என்கிற மாதிரி எதையாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். ஆனால் நம்பிக்கை உள்ளவரிடம், நம்பிக்கை அதிகம் இல்லாத நான் அதைச் சொல்வது சரியாகப் படவில்லை. அக்காவே, நாளைக்குக் காலையில் குருக்களைக் கேட்க வேண்டும், கூட வருகிறாயா என்றார்.

அவர் போவது எங்கள் பக்கத்துச் சின்ன சிவன் கோயில். காலையில் கூட்டமில்லை. குருக்கள் அபிஷேகத்துக்கான குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா இரண்டு இலைகளையும் காட்டினார். தான் கொண்டுவந்தது இது, வில்வம் இது என்று அடையாளம் சொன்னார். குருக்கள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"தெரியுமே, மாவிலங்கம்" என்றார்.

அக்காவுக்குப் புரியச் சிறிது நேரமானது. "சாமி, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"மொத நாளே தெரியும். தினம் வில்வத்துல கை வெக்கறவனுக்குத் தெரியாதா? பஞ்ச வில்வம்னு அஞ்சு உண்டு. வில்வம், நொச்சி, விளா, முள்ளுக்கிளுவை, மாவிலங்கை. அஞ்சும் ஸ்வாமிக்கு ஆகும். அதனால வாங்கி அர்ச்சனை பண்ணினேன். ஆகாததா இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

"நான் வில்வம் வில்வம்னு சொல்லித்தானே குடுத்தேன்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

குருக்கள் குடத்தைக் கீழே வைத்தார். "அன்னிக்கு நீங்க வந்து நின்ன நிலையில எப்படிச் சொல்றது? அழுதுண்டே நின்னேள். அப்பறம் ஒவ்வொரு வாரமும் முகம் தெளிஞ்சுண்டே வந்தது. எதுக்குக் கலைக்கணும்னு விட்டுட்டேன்."

அக்கா சன்னதிக்கு முன் போய் நின்றார். நான் தூணருகே நின்றேன். எனக்கு அது வரை அந்தக் குருக்களிடம் பெரிதாக ஒரு மரியாதையும் இருந்ததில்லை, தட்டில் என்ன விழுகிறது என்று பார்க்கிறவர் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

திரும்பி வரும்போது அக்கா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். கோபம் அடங்கியிருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. சாமிக்கு ஆகும் என்பது அவருக்கு ஆறுதல்தான். ஆனால் தான் சொன்ன சொல் வேறு, கொடுத்த இலை வேறு என்பது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. பாத்திரக் கடைக் குடும்பம்; பித்தளை கேட்டவருக்குச் செம்பைக் கொடுத்துவிட்டு, செம்பு உசத்திதானே என்று சொல்ல மாட்டார்கள்.

"வில்வத்தை மொதல்லேருந்து குடுக்கப் போறேன்" என்றார் கடைசியில். "கையால பறிச்சுத்தான். சைதாப்பேட்டையில எங்க சொந்தக்காரவ வீட்டுப் பக்கம் ஒரு கோயில்ல மரம் நிக்காம். அங்க போய்ப் பறிச்சுக்குவேன்."

அப்படியானால் திங்கட்கிழமை எங்கள் வீட்டுக்கு வர மாட்டார். சரிக்கா என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "உன் மரத்துக்கு என்ன கேடு? அதையுந்தான் பறிப்பேன். இத்தனை நாளு குடுத்ததை நிறுத்துனா அவன் கேக்க மாட்டானா?"

அப்படித்தான் இப்போது நடக்கிறது. அக்கா ஞாயிற்றுக்கிழமை மாலை சைதாப்பேட்டைக்குப் போய் வில்வம் பறித்து வருகிறார். திங்கட்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து மாவிலங்கமும் பறிக்கிறார். தூக்கு இரண்டடுக்கு ஆகிவிட்டது. பெயர்தான் அவருக்கு இன்னும் வாயில் நிற்கவில்லை. ஒருநாள் மாவிலங்கம், ஒருநாள் மாவிலிங்கம். குருக்கள் இரண்டும் சரி என்று சொல்லிவிட்டாராம்.

என் கணவர் தெருக்காரர்களின் போன் குழுவில் மரத்தின் பெயரைப் போட்டார். இரண்டு பேர் கை கூப்பினார்கள். நாகலிங்கம் என்று சொன்னவர், தான் அப்போதே சந்தேகப்பட்டதாக எழுதினார்.

பூக்கள் ஏறக்குறைய முடிகிற சமயத்தில் பெசன்ட் நகர் அம்மா வந்தார். ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். பின்பக்கம் அழைத்துப் போனதும் கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. நிழலில் நின்று கழற்றினார். ஆபரேஷன் ஆன கண்ணால் அண்ணாந்து பார்த்தார்.

"இவ்வளவு மஞ்சளா இருக்கும்னு மறந்தே போச்சு" என்றார். "கொஞ்ச வருஷமா எனக்கு எல்லாமே பழுப்பாத்தான் தெரிஞ்சுது."

அன்று ஞாயிறு. அக்கா சைதாப்பேட்டைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், ஆள் வந்திருப்பதைப் பார்த்து இந்தப் பக்கம் வந்தார். பின்னாலேயே அவர் கணவரும் வந்தார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் எங்கள் வீட்டுத் தோட்டத்துக்குள் வந்ததில்லை. மரத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பட்டையில் கை வைத்தார். கல்லடைப்புக்கு ஆகுமாமே என்று அந்த அம்மாவிடம் கேட்டார்; ஆகும் என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் நீங்களாக எதையும் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டாம் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். அக்கா உடனே, நெஞ்சுக்கே இவருக்கு ஏழு மாத்திரை, இதில் கஷாயம் வேறா என்றார்.

நான் உள்ளே போய் எல்லாருக்கும் காபி போட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, அந்த அம்மா ஓர் இலையைப் பிடித்து, மூன்றும் ஒரு புள்ளியில் சேரும் இடத்தை அக்காவின் விரலால் தொடவைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். என் கணவர் உதிர்ந்த பூக்களைக் கூட்டலாமா வேண்டாமா என்று துடைப்பத்தோடு நின்றார். கடைக்காரர் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, இது காய்க்குமா என்று கேட்டார். சில மரம் காய்க்கும், சில மரம் காய்க்காது, பார்க்கலாம் என்றார் அந்த அம்மா.